கோழிக்குஞ்சைத் தூக்கும் வைரி

கேள்வி: என் நாட்டுக்கோழி பொரித்த பத்துக் குஞ்சில் நான்கை ஒரு சின்னப் பருந்து தூக்கிவிட்டது. புறா அளவு, சாம்பல் முதுகு, சிவந்த கண். செத்த குஞ்சில் குருணை மருந்து வைக்கலாமா? வெடி போட்டு விரட்டலாமா?
- வாசகர், வெம்பக்கோட்டை வட்டாரம்

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளப்படி அது வைரி. வல்லூறு என்றும் சொல்வார்கள். ஆப்பிரிக்காவில் சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே தொடங்கி, இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருக்கும் பறவை இது. மரம் இருந்தால் போதும், தோப்பிலும் ஊர் ஓரத்திலும் தங்கிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்திலும் உண்டு, சாத்தூர் கரிசலிலும் உண்டு.

ஓணான், எலி, வெட்டுக்கிளி, சிறு பறவைகள்தான் இதன் அன்றாட இரை. கோடையில் கூட்டில் குஞ்சு இருக்கும்போது இரைத்தேவை கூடும். அப்போது திறந்த களத்தில் மேயும் கோழிக்குஞ்சு சுலபமாகச் சிக்கும்.

குருணை மருந்து வேண்டவே வேண்டாம். அந்த விஷம் வைரிக்காகக் காத்திருக்காது. நாய், பூனை, காகம், கீரி, ஏன் உங்கள் கோழியும் சாகும். சிறு பிள்ளைகள் கை வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை இது. விஷம் வைத்துக் கொல்வதும் வேட்டைதான். 3 முதல் 7 ஆண்டு வரை சிறை உண்டு.

வெடிக்கும் பறவை சீக்கிரம் பழகிவிடும். பொறி வைக்கோல் படப்பில் விழுந்தால் நஷ்டம் நான்கு குஞ்சோடு நிற்காது.

செய்ய வேண்டியவை:

1. முதல் 6 வாரம் குஞ்சுகளைத் தாயுடன் பஞ்சாரத்திலோ, மேலே வலை போட்ட அடைப்பிலோ வையுங்கள். பழைய மீன்வலை போதும்.

2. அதன் பிறகு மேய விடும்போது, ஓடி ஒளியப் புதரோ தாழ்வான பந்தலோ பக்கத்தில் இருக்கட்டும்.

3. செத்த எலிகளை வெளியில் எறியாமல் புதையுங்கள். விஷம் தின்ற எலியைத் தின்னும் பறவையும் சாகக்கூடும்.

இன்னொன்று. அக்காக்குயில் பார்வைக்கு அப்படியே வைரி போல இருக்கும். ஆனால் அது தின்பது கம்பளிப்புழு. நிலக்கடலை போடுபவர்கள் அதன் அருமையை அறிவார்கள். வைரி என்று நினைத்துக் கல்லெறிந்தால் உங்கள் கூலியில்லா வேலையாளையே விரட்டியதாகும்.

மீதியுள்ள ஆறு குஞ்சுகளையும் இன்றைக்கே வலைக்குள் விடுங்கள்.