பழைய வானுக்கு நியாய விலை எது?

வாகனம் விற்க நினைப்பவர் இன்று முதலில் செய்வது, தம்முடையதைப் போன்ற வாகனத்துக்கு யார் மிகக் கூடிய விலை கேட்டிருக்கிறார் என்று விளம்பரங்களில் தேடுவதே. அந்த விலையோடு இன்னும் ஓர் இலட்சத்தைச் சேர்த்துத் தமது விளம்பரத்தைக் கொடுக்கிறார். அடுத்து விற்க வருபவர் இவருடைய விளம்பரத்தைப் பார்த்து மேலும் ஓர் இலட்சத்தைச் சேர்க்கிறார். இரண்டு வாரங்களில் ஒரு 'சந்தை விலை' உருவாகிவிடுகிறது. அந்த விலைக்கு ஒரு வாகனமாவது உண்மையில் கைமாறியதா என்று எவரும் கேட்பதில்லை.

பத்திரிகைத் தொழிலில் நீண்டகாலம் இருந்தவன் என்ற முறையில் இந்த விடயத்தை நான் செய்தியாளனின் கண்ணோடுதான் பார்க்கிறேன். ஒருவர் கேட்கும் விலை அவருடைய விருப்பம். விற்ற விலைதான் செய்தி. முன்னதைப் பின்னதாக எடுத்துக்கொண்டு ஒரு நாடே கொடுக்கல் வாங்கல் செய்வது பெருந் தீங்கை விளைவிக்கிறது என்பதே எனது கருத்தாகும்.

மேலை நாடுகளில் ஓய்வுபெற்றவர்கள் படுக்கையும் சமையலறையும் கொண்ட மோட்டார் ஹோம் எனப்படும் வாகனங்களை வாங்கி, சில ஆண்டுகள் ஊர் சுற்றிவிட்டு விற்றுவிடுவார்கள். அமெரிக்காவில் பழைய கார்களுக்கு வழிகாட்ட 1926இல் தொடங்கிய கெலி புளூ புக் போன்ற விலைக் கையேடுகள் உள்ளன. இன்ன ஆண்டு, இன்ன மாதிரி, இவ்வளவு ஓட்டம் என்றால் விலை இந்த எல்லைக்குள் இருக்கும் என்று விற்பவரும் வாங்குபவரும் ஒரே ஏட்டைப் பார்த்துப் பேசலாம். இரு தரப்பினரும் நம்பி ஏற்கும் அத்தகைய ஏடு நம்மிடையே வேரூன்றவில்லை.

நமக்கு மோட்டார் ஹோம் இல்லை. ஆனால் வான் இருக்கிறது. கதிர்காம யாத்திரைக்கும், கல்யாண வீட்டுக்கும், வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரைக் கட்டுநாயக்காவில் ஏற்றி வருவதற்கும் வான்தான். பாயும் தலையணையும் அடுப்பும் அதற்குள்ளேயே பயணம் செய்வதுண்டு. அதைவிட முக்கியமாக, வான் பல குடும்பங்களின் சீவனோபாயம். பழைய டொயோட்டா ஹயஸ் ஒன்றையோ நிசான் கரவன் ஒன்றையோ வாங்குபவர், பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியோ வாடகைக்கு ஓடியோ தவணைப் பணம் கட்டப்போகிறவராக இருப்பதே பெரும்பான்மை. ஆகவே வானின் விலை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான தனிப்பட்ட விவகாரமாக முடிந்துவிடுவதில்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள். நியாய விலைக்கு மேல் ஐந்து இலட்சம் ரூபாய் கொடுத்து ஒருவர் வான் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தொகையை 15 சதவீத வட்டியில் 60 மாதத் தவணையில் லீசிங் எடுத்தால், மாதம் சுமார் 11,900 ரூபாய் மேலதிகமாகக் கட்ட வேண்டும். ஐந்தாண்டு முடிவில் ஐந்து இலட்சம் ஏழு இலட்சத்தைத் தாண்டிவிடும். அந்த வானில் 14 பிள்ளைகள் போவார்களாயின், ஒரு பிள்ளைக்கு மாதம் 850 ரூபாய். விற்றவர் கைநிறைய வாங்கிச் சென்ற பணத்தை, அவரை ஒருநாளும் கண்டிராத பெற்றோர் மாதாமாதம் கட்டித் தீர்க்கிறார்கள்.

இந்த நிலைமைக்கு நாம் எப்படி வந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் நாட்டில் இருந்த வாகனங்களே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறின. இதற்கிடையில் 2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்தது. தேய்ந்து பெறுமதி குறைய வேண்டிய ஒரு பொருள், வாங்கிய விலையிலும் கூடிய விலைக்கு விற்கப்பட்ட விந்தையை நாம் கண்டோம். வாகனம் என்பது தங்கம்போல ஒரு சேமிப்பு என்ற எண்ணம் அந்த ஆண்டுகளில்தான் ஆழப் பதிந்தது.

இறக்குமதி திறந்ததும் பழைய வாகனங்களின் விலை பாதியாக விழுந்துவிடும் என்று காத்திருந்தவர்களும் ஏமாந்தார்கள். 2020 தொடக்கத்தில் சுமார் 180 ரூபாயாக இருந்த டொலர் 2025இல் சுமார் 300 ரூபாயாக இருந்தது. ஜப்பானிய யென்னும் டொலருக்கு எதிராக மலிந்திருந்தபடியால் ஜப்பானிய வாகனங்கள் மீது அந்தச் சுமை முழுமையாக விழவில்லை. ஆனால் வரிகள் ஏறின. 2019 டிசம்பரில் 8 சதவீதமாகக் குறைக்கப்பட்ட பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாகிவிட்டது. சுங்கத் தீர்வையும் மேலதிகக் கட்டணமும் உற்பத்தி வரியும் இதற்குப் புறம்பானவை. ஆகவே விலை உயர்வில் ஒரு பகுதி உண்மையானது. இன்னொரு பகுதி, தட்டுப்பாட்டுக் காலத்துப் பழக்கம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

வடக்கில் வாழ்ந்தவர்களுக்கு இது புதிய பாடமன்று. 1990களில் பொருளாதாரத் தடை நிலவியபோது, சில துளி பெற்றோலில் உயிர்கொடுத்து மண்ணெண்ணெயில் ஓட்டிய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் யாழ்ப்பாணத்து வீதிகளின் அரசர்களாக விளங்கின. அவை அருமையாக இருந்தமைக்குக் காரணம் அவற்றின் வயதோ வலிமையோ அல்ல. வேறெதுவும் வர வழியில்லாமை. 2002இல் ஏ9 பாதை திறந்தபோது அந்த அருமைக்கும் முடிவு வரத் தொடங்கியது. தட்டுப்பாடு கொடுக்கும் விலை வாகனத்துக்குச் சொந்தமானதல்ல. பாதை திறக்கும்போது அது போய்விடும். அப்போது வாகனம் யார் கையில் இருக்கிறதோ அவர் அந்த நட்டத்தைச் சுமப்பார்.

இனி விற்பவர்கள் விலையைத் தீர்மானிக்கும் முறைகளைப் பார்ப்போம். பெரும்பாலானவர்கள் மூன்று வழிகளில் ஒன்றைக் கைக்கொள்கிறார்கள். முதலாவது, வாங்கிய விலையோடு செலவழித்ததைக் கூட்டுவது. எஞ்சின் வேலைக்கு மூன்று இலட்சம், சீற் உறைக்கு ஒன்று, வர்ணத்துக்கு இரண்டு என்று கூட்டிக்கொண்டே போவார்கள். பழுதுபார்ப்பு வாகனத்தை அது இருக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுவருகிறதே தவிர, அதற்கு மேலே உயர்த்துவதில்லை. ஓடாத வானை ஓட வைத்ததற்கு வாங்குபவர் தனியாகப் பணம் தர வேண்டிய கடமை இல்லை. இரண்டாவது, தமக்கு அடுத்து வேண்டிய வாகனத்தின் விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் பார்ப்பது. 'எனக்கு இன்னும் பத்து இலட்சம் தேவை, ஆகவே இந்த விலை' என்பது தேவையைச் சொல்கிறது. வாகனத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை. மூன்றாவது, நான் தொடக்கத்தில் கூறிய விளம்பர விலை.

விளம்பர விலையில் பலர் கவனியாத ஒரு பொறி உண்டு. நியாயமான விலை குறித்த வாகனம் சில நாட்களில் விற்றுப்போகிறது. அதன் விளம்பரமும் மறைகிறது. அதிக விலை குறித்தது மாதக்கணக்கில் நிற்கிறது. எனவே எந்த நாளில் பார்த்தாலும் நம் கண்ணில் நிறைந்திருப்பவை பெரும்பாலும் விற்காத விலைகளே. அவற்றைப் பார்த்து விலை குறிப்பவர், விற்காதவர்களின் வரிசையில் தாமும் போய் நிற்கிறார்.

அண்மையில் எனது அயலவரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தமது வானை விற்பது பற்றிப் பேச வந்தார். தரகர் ஒருவர் அவரிடம், "சேர், கூட்டிக் கேளுங்கோ. குறைக்கிறது எங்கட வேலை" என்று சொல்லியிருந்தார். நாங்கள் இருவரும் அமர்ந்து வேறொரு கணக்குப் போட்டோம். வாசகர்களுக்கும் உதவும் என்பதால், தொகைகளை மாற்றி அந்த முறையை மட்டும் இங்கே தருகிறேன்.

ஒரே மாதிரி, ஒரே எரிபொருள், ஒரே வகைக் கியர், முன்பின் ஓர் ஆண்டு வித்தியாசம் என்ற எல்லைக்குள் ஏழு விளம்பரங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். அவை இலட்சத்தில் 58, 61, 62, 64, 65, 68, 79 என்று இருக்கட்டும். சராசரி பார்த்தால் 79 கேட்டவர் எல்லோரையும் மேலே இழுத்துவிடுவார். ஆகவே நடுவில் நிற்கும் 64ஐ எடுக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து அதே பட்டியலைத் திரும்பப் பார்த்து, மறைந்தவை எவை, நிற்பவை எவை என்று குறித்துக்கொண்டால் இன்னும் தெளிவு பிறக்கும்.

அடுத்து, நம்பகமான கராஜ் ஒன்றில் வாகனத்தைக் காட்டி, வாங்குபவர் உடனடியாகச் செய்ய வேண்டிய வேலைகளுக்கு விலை கேட்க வேண்டும். டயர்களுக்கும் பிரேக்குக்கும் இரண்டு இலட்சம், குளிரூட்டிக்கு ஒன்று என்றால் 64 என்பது 61 ஆகிறது. பழைய டொயோட்டா டீசல் எஞ்சின்களில் டைமிங் பெல்ட்டைச் சுமார் 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றிய பற்றுச்சீட்டு கையில் இருந்தால் அது வாகனத்தின் விலையைத் தாங்கிப் பிடிக்கும். இல்லையேல் அந்தச் செலவையும் கழிப்பதே முறை. இப்படிப் பெறப்படும் 61தான் கேட்கும் விலை. பேரம் பேசி 59க்கு முடிந்தால் விற்பவர் ஏமாறவில்லை, வாங்குபவரும் ஏமாறவில்லை. பேரத்துக்கென்று பத்து இலட்சத்தை முன்கூட்டியே ஏற்றிவைப்பது, பேரம் பேசத் தெரியாதவரிடம் அந்தப் பத்து இலட்சத்தையும் பறிப்பதற்கான ஏற்பாடு அன்றி வேறென்ன?

விலை நியாயமாக இருக்க வேண்டுமானால் அதனோடு சொல்லப்படும் விபரமும் நியாயமாக இருக்க வேண்டும். மீற்றரைத் திருப்பிய வாகனத்துக்கு எந்த விலையும் நியாயமான விலையாகாது. எஞ்சின் மாற்றியிருந்தால் அந்த இலக்கம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவுப் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று சொல்ல வேண்டும். ஜப்பானில் ஏலத்தில் எடுக்கப்பட்டதாயின், தரம் 4 அல்லது 4.5 என்று வாயால் சொல்லாமல் ஏலத் தாளையே காட்ட வேண்டும். விபத்தின் பின் திருத்தப்பட்டதற்கு 'ஆர்' என்ற குறி அதில் இருக்கும். லீசிங் முடியாத வாகனத்தில் முழு உரிமையாளர் நிதி நிறுவனமே என்பதை முதலிலேயே கூற வேண்டும். கையொப்பமிட்ட வெற்றுப் படிவங்களோடு 'ஓப்பின் பேப்பர்' என்று கைமாற்றும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். நாளை அந்த வான் விபத்தொன்றில் சிக்கினால் பொலிஸார் தேடி வருவது பதிவில் பெயருள்ள பழைய உரிமையாளரைத்தான்.

'கொடுக்க ஆள் இருக்கும்போது ஏன் குறைத்துக் கேட்க வேண்டும்?' என்று சிலர் வினவுவர். இது புறக்கணிக்கக்கூடிய கேள்வியன்று. விற்பவரும் பெரும்பாலும் நடுத்தர வகுப்பினரே. பிள்ளையின் படிப்புக்காகவோ சத்திரசிகிச்சைக்காகவோ விற்பவரிடம் தியாகம் செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்பது ஒன்றுதான்: குறித்த விலைக்கு வாங்குபவர் முன்னிலையில் காரணம் சொல்ல முடிய வேண்டும். காரணம் சொல்ல முடிந்தால் 70 இலட்சமும் நியாயமே. முடியாவிட்டால் 50 இலட்சமும் அநியாயமே. தவிரவும், மிகை விலையால் ஆறு மாதம் விற்காமல் முற்றத்தில் நிற்கும் வானுக்கு வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் கட்ட வேண்டும், பற்றரி இறங்கும், டயர் வெடிக்கும். பேராசைக்கும் செலவு உண்டு.

பத்திரிகைகளும் விளம்பரத் தளங்களும் இதில் ஒன்றைச் செய்யலாம். விளம்பரத்தை அகற்றக் கோரும் விற்பனையாளரிடம், கடைசியில் என்ன விலைக்கு விற்றீர்கள் என்று கேட்டுப் பதிந்து, பெயர்களை விடுத்து, மாதிரி வாரியாகவும் ஆண்டு வாரியாகவும் மாதந்தோறும் வெளியிடலாம். எல்லோரும் உண்மை சொல்ல மாட்டார்கள் என்பது தெரிந்ததே. ஆயினும் நூறு பேரில் அறுபது பேர் சொன்னாலும், இன்றுள்ள வெறும் விருப்பப் பட்டியலை விட அது மேலானது. மரக்கறியின் மொத்த விலையையும் சில்லறை விலையையும் பத்திரிகைகளில் பார்த்துவிட்டுச் சந்தைக்குப் போகும் மக்கள் நாம். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கும் ஒரு வாகனத்துக்கு மாத்திரம் அந்த வசதி ஏன் இருக்கக்கூடாது?