சுத்தக்கார மீனும் வீட்டுத் தொட்டியும்

கடல்நீர்த் தொட்டி வைக்கும் ஆசை இப்போது நம் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடித்தான் போயிருக்கிறது. எங்கள் காலத்தில் கண்ணாடித் தொட்டி என்றால் தங்க மீன், ஏஞ்சல், கப்பி, அவ்வளவுதான். இன்று உப்பைக் கரைத்து, கல் அடுக்கி, நீல விளக்கும் போட்டு ஒரு சின்னக் கடலையே கூடத்தில் வைத்துவிடுகிறார்கள். நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் அந்தத் தொட்டியில் கிளீனர் ராஸ் என்ற மீனை வாங்கி விடுவதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

விரல் நீளத்தில், நீல உடம்பில் ஒரு கறுப்புப் பட்டையோடு இருக்குமே, அதுதான். பிரெஞ்சில் லாப்ர் நெத்வாயேர் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பாடத்தையும் பிரெஞ்சில் படித்தவன் என்பதால் எனக்கு அந்தப் பெயர்தான் முதலில் வாயில் வரும். நெத்வாயேர் என்றால் சுத்தம் செய்பவன். குழப்பமே இந்தப் பெயரில்தான் தொடங்குகிறது. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று நம்பி வாங்குகிறார்கள். அது பாசி தின்னாது, அடியில் கிடக்கும் கழிவையும் தொடாது. மற்ற மீன்களின் உடம்பிலும் செவுளிலும் வாயிலும் இருக்கும் ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்பதுதான் அதன் தொழில்.

பவளப்பாறையில் அதற்கென்று ஓர் இடம் உண்டு, நம் தெருமுனைச் சவரக்கடை மாதிரி. பெரிய மீன்களெல்லாம் அங்கே வந்து, வாயைத் திறந்து, முறைக்குக் காத்திருக்கும். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் அலெக்ஸாண்ட்ரா கிரட்டர் என்ற விஞ்ஞானி கணக்கிட்டதில், ஒரு மீன் ஒரு நாளைக்குச் சுமார் 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்கிறதாம். அங்கேயே சில சிறு பாறைத்திட்டுகளிலிருந்து இந்த மீனை எட்டு வருஷத்துக்கு மேல் தொடர்ந்து அகற்றிப் பார்த்தார்கள். மற்ற மீன்களின் எண்ணிக்கையும் குறைந்தது, வகையும் குறைந்தது. ஆக, ஒரு மீனைப் பிடித்தால் போவது ஒரு மீன் மட்டுமல்ல. கடைக்கு வருபவையோ அநேகமாக எல்லாமே கடலில் பிடித்தவை.

வீட்டுத் தொட்டிக்கு வருவோம். அங்கே இருப்பது நாலைந்து மீன். 1,200 ஒட்டுண்ணிக்கு எங்கே போகும்? பசித்த ராஸ் மற்ற மீன்களின் உடம்பிலுள்ள வழுவழுப்பைக் கடித்துத் தின்ன ஆரம்பிக்கும். உண்மையில் ஒட்டுண்ணியைவிட அந்த வழுவழுப்புதான் அதற்கு அதிகம் பிடிக்கும் என்று சோதனையில் கண்டிருக்கிறார்கள். கடலில் அப்படிக் கடித்தால் வாடிக்கையாளர் விரட்டும், அல்லது வேறு கடைக்குப் போய்விடும். அதனால் அடங்கி நடக்கும். (மேலதிகாரி பார்க்கும்போது மட்டும் கோப்பைப் புரட்டுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.) நாலு கண்ணாடிக்குள் அடைபட்ட மீன் எங்கே போகும்?

என் தங்கை பேரன் ஒருவன் தொட்டி வைத்திருக்கிறான். "தாத்தா, மீனுக்கு வெள்ளைப்புள்ளி வந்தா இது சரிபண்ணிடும்னு கடைக்காரர் சொன்னாரு" என்றான். "அது தோலுக்கு உள்ளே போய் உட்காருகிற கிருமிடா, இது எப்படிப் பொறுக்கும்?" என்றேன். புது மீனைத் தனித் தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்த்துச் சேர்ப்பதுதான் அதற்கு வழி. அது சலிப்பான வேலை என்பதால் யாரும் செய்வதில்லை.

பெரிய தொட்டியில், நிறைய மீன்களுக்கு நடுவே, உறைய வைத்த இறால்துணுக்கு தின்னப் பழகி வருஷக்கணக்கில் வாழ்ந்த ராஸ்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பழகாதவை நிறைய. அவை சில வாரங்களில் வயிறு ஒட்டிப் போய்ச் சாகின்றன. 2019-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதன் தொண்டையில் ஒரு புள்ளியை வைத்துக் கண்ணாடியைக் காட்டினார்கள். பார்த்துவிட்டு, அந்த இடத்தை மணலில் தேய்த்ததாம். அதற்குத் தன்னைத் தெரியுமா என்று இன்னும் வாதாடுகிறார்கள். அப்படிப்பட்ட உயிர் பட்டினி கிடப்பதைக் கூடத்தில் உட்கார்ந்து பார்ப்பது என்ன பொழுதுபோக்கு?

சுத்தம் செய்கிற காட்சிதான் வேண்டுமென்றால் முதுகில் வெள்ளைக் கோடு போட்ட கிளீனர் இறால் இருக்கிறது. போட்டதைத் தின்று பிழைத்துக்கொள்ளும். பண்ணையில் பொரித்து வளர்த்த நியான் கோபியும் கிடைக்கிறது. ராஸ்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள், கடையிலேயே உறைந்த இறாலைப் போடச் சொல்லி அது தின்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டாவது வாங்கட்டும். தின்றாலும் நான் வேண்டாமென்றுதான் சொல்வேன்.