வள்ளியம்மாளின் பேரனும் நமது பிள்ளைகளும்

அரக்கோணத்தைச் சேர்ந்த ராப் பாடகர் அறிவு, 2024இல் வெளியிட்ட இசைத்தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயர் வைத்தார். ராப் பாடகர்கள் தமக்குச் சூட்டிக்கொள்ளும் பட்டங்கள் பொதுவாக வேறு மாதிரி இருக்கும். இவர் பாட்டியின் பெயரைச் சூட்டிக்கொண்டார். அந்தப் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, பின்னர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். ஆகவே இது நமது வீட்டுச் சங்கதி.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று தலை எண்ணிப் பிரித்தது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பங்கிட்டார்கள். எண்ணப்பட்டவர்களிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலை 'ஒப்பாரிக் கோச்சி' என்றே நமது மக்கள் அழைத்தார்கள்.

அறிவின் பாட்டுக்குள் இந்த ஒப்பாரி உடனே வந்துவிடவில்லை. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் கானாவும் பறையும் ராக்கும் கலந்த இசையோடு அவர் அறியப்பட்டார். அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற' என்ற சொல்லிலிருந்து பெயர் எடுத்த குழு அது. 2019இல் ஒஃப்ரோவுடன் சேர்ந்து வெளியிட்ட 'தெருக்குறள்' முகத்துக்கு நேரே பேசுகிற ராப். இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து 'சண்ட செய்வோம்' பாடினார். 1948இல் ஒரு சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட சனத்தின் பேரன் அதைப் பாடியது தற்செயல் என்று நாம் நினைக்கவில்லை.

பிறகு 2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது. கோபக் குரல் தணிந்து பாட்டிமாரின் குரலானது. ஒப்பாரியும் தாளமும் ஒன்றாக நடந்தன. நிலமில்லாதவன் நிலக்காரனைக் கும்பிட்டுச் சொல்லிய 'சாமி' என்ற சொல்லை எடுத்து, சொந்தப் பிள்ளையைக் கொஞ்சும் சொல்லாக்கினார். நம் லயங்களில் கல்யாண வீடு, பிறந்தநாள் வீடு எல்லாவற்றிலும் அது ஒலித்தது. நமது நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்ததும் அதே மாதத்தில்தான். அதற்கு நாம் எத்தனை வருடம் கத்தினோம் என்பதை வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அதற்குப் பின் நடந்ததை நமது இளைஞர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். 2021 ஓகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா சஞ்சிகையின் அட்டையில் அந்தப் பாட்டின் பாடகி தீ இருந்தார், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகே அறிவுக்கென்று தனியாக ஒரு இணைய அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு அவர் இல்லாமலேயே அரங்கேறியது. அவர் அப்போது வெளிநாட்டில் இருந்தார் என்று விளக்கம் வந்தது. எழுதியதும் மெட்டமைத்ததும் தானே என்று அறிவு எழுதினார். இது கூட்டு உழைப்பு, வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றார் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன். அதே சந்தோஷ் நாராயணன்தான் 2024 மார்ச்சில், இந்தப் பாட்டால் மூன்று வருடமாகத் தங்களுக்கு ஒரு ரூபாகூட வரவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார்.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிப்பது நமது வேலையல்ல. ஆனால் மூவருக்கும் சமபங்கு என்று சொல்லப்பட்ட ஒரு பாட்டில், பங்கிட எதுவுமே கைக்கு வரவில்லை என்று அந்த மூவரில் ஒருவரே சொல்ல நேர்ந்தால், கணக்கு யார் கையில் இருந்தது என்ற கேள்வி எழத்தானே செய்யும்? கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசின் முள்ளைப் பார்க்கப் பழகிய நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. சினிமாக் கம்பனிக்கு வெளியே நின்று பாடுகிறவரைச் 'சுயாதீனக் கலைஞர்' என்கிறார்கள். செக்ரோலும் இல்லை, சங்கமும் இல்லை என்றால் அது என்ன சுயாதீனம்?

பாட்டும் சங்கமும் நமக்கு ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல. கோ. நடேசய்யரோடு தோட்டங்களுக்குச் சென்ற மீனாட்சியம்மாள் பாட்டெழுதிப் பாடியே தொழிலாளரைத் திரட்டினார். சி. வி. வேலுப்பிள்ளை நம் மக்களின் பாடல்களைத் தேடிச் சேர்த்துப் புத்தகமாக்கினார். ஆனால் அந்தப் பாடல்களை முதலில் கட்டிய கொழுந்துக்காரப் பெண்களின் பெயர் எங்கும் இல்லை.

இன்று நமது பிள்ளைகள் கைத்தொலைபேசியில் ராப் பதிவு செய்து போடுகிறார்கள். கொழும்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் அழைப்பு வருகிறபோது சந்தோஷத்தில் நீட்டிய தாளில் கையெழுத்திடுவார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டப்படி, ஒரு ஆக்கத்துக்கு உரிமை கிடைக்க அதை எங்கும் பதியத் தேவையில்லை. வருமான உரிமையை எழுதிக் கொடுத்தாலும், ஆக்கியவரின் பெயர் போடப்பட வேண்டும் என்ற உரிமை தனியாக நிற்கும். இது எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

நமது சங்கக் காரியாலயங்கள் சம்பளப் பிணக்கு, சேமலாப நிதிப் படிவம் ஆகியவற்றோடு இந்த ஒப்பந்தத் தாள்களையும் வாசித்துச் சொல்ல வேண்டும். பாட்டெழுதியவர் யார், மெட்டு யாருடையது, பங்கு எவ்வளவு, கணக்கை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும் என்பவை எழுத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மே தின மேடையில் பாடும் பிள்ளையின் பெயரும் சுவரொட்டியில் வர வேண்டும். அவருக்குப் பேசி முடித்த கூலி அன்றைக்கே கையில் கிடைக்க வேண்டும்.