வீட்டுக்கு வீடு வந்த "கல்கி"

1941-ம் ஆண்டு. எழுத்தாளர் கிருஷ்ணமூர்த்தி சத்தியாக்கிரகம் செய்து சிறைக்குப் போய் வந்தார். நண்பர் சதாசிவத்துடன் சேர்ந்து, தமது புனைபெயரிலேயே "கல்கி" இதழைத் தொடங்கினார்.

பணத்துக்கு என்ன வழி? சதாசிவத்தின் மனைவி எம்.எஸ்.சுப்புலட்சுமி "சாவித்திரி" படத்தில் நாரதராக நடித்தார். அந்த ஊதியமே மூலதனம் ஆயிற்று!

1950-ல் "பொன்னியின் செல்வன்" தொடங்கியது. மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் வந்தது. ஒருவர் படிக்க, வீடே கேட்டது. கதைப் பக்கங்களைச் சேர்த்துத் தைத்து, "பைண்டு" செய்து வைத்தார்கள்.

2020-ல், கொரோனா காலத்தில், அச்சு இதழ் நின்றது. அந்தப் "பைண்டு" புத்தகங்களோ பல வீடுகளில் பத்திரமாக இருக்கின்றன.

பத்திரிகையைத் தொடங்கப் பணம் வேண்டும். அது வாழ, வாசகர் வேண்டும். பிடித்த பத்திரிகையை இரவல் கேட்காதீர்கள், வாங்கிப் படியுங்கள்!