குறைந்த புள்ளியைக் காட்டுவதா, விடுவதா?



புரட்டாதி பிறந்துவிட்டால், உயர்தர வகுப்பிற் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளிற் பல்கலைக்கழக விண்ணப்பப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கும் மருத்துவப் படிப்புக்கும் விண்ணப்பிப்போர் ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் அனுப்பிவிட வேண்டும். மற்றவர்களுக்கு ஜனவரி வரை அவகாசம் உண்டு. இந்நாட்களிற் பெற்றோர் தம்முள் மெல்லக் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: "பிள்ளைக்கு ஒரு பரீட்சையிற் புள்ளி குறைந்துபோய்விட்டது. அதையும் எழுதத்தான் வேண்டுமோ?"

இதற்கு ஒரே விடை இல்லை. எழுதியே ஆகவேண்டியது எது, எழுதுவதும் விடுவதும் நம் விருப்பத்தைப் பொறுத்தது எது என்று முதலிற் பிரித்தறிய வேண்டும்.

இந்நாட்டு யூகாஸ் விண்ணப்பத்தில் விருப்பத்துக்கு இடமில்லை. ஜி.சி.எஸ்.ஈ. தொடக்கம் பிள்ளை எழுதிய பரீட்சைகள் யாவற்றின் பெறுபேறுகளையும், சித்தியடையாதவை உட்பட, எழுத வேண்டும் என்பதே விதி. இரண்டாம் முறை எழுதி நல்ல தரம் பெற்றிருந்தாலும் முதற் பெறுபேற்றை ஒளிக்கலாகாது. கொடுத்த விபரங்கள் உண்மையானவை, முழுமையானவை என்று பிள்ளையே உறுதிமொழி கொடுக்கிறது. மறைத்தது பின்னர் தெரியவந்தாற் கிடைத்த இடமும் பறிபோகலாம். 'டி' தரம் ஒன்றுக்கு வெட்கப்பட்டு, யானை தன் தலையில் மண்ணைப் போட்டுக்கொள்வது போல நடக்க வேண்டாம்.

கணிதப் படிப்புக்குச் சில பல்கலைக்கழகங்கள் பார்க்கும் 'டி.எம்.யூ.ஏ.' பரீட்சையில் முன்பு சிறிது விருப்பம் இருந்தது. 2023 வரை அப்புள்ளியை யாருக்குக் காட்டுவது என்று பிள்ளையே தீர்மானிக்கலாம். 2024 முதல், அப்பரீட்சையை ஏற்கும் பல்கலைக்கழகங்களுக்குப் பெறுபேறு நேரே போய்விடுகிறது.

உண்மையான விருப்பம் இருப்பது அமெரிக்கக் கல்லூரிகளிலேதான். இங்கிருந்து அங்கும் விண்ணப்பிக்கும் பிள்ளைகள் இப்போது நம்மிடையே உண்டு. 2020 இற் கொள்ளைநோயாற் பரீட்சை நிலையங்கள் மூடப்பட்டபோது, 1600 புள்ளிக்கு நடக்கும் 'சாட்' பரீட்சையைப் பெரும்பாலான கல்லூரிகள் கட்டாயம் என்பதிலிருந்து விருப்பம் என்று மாற்றின. பின்னர் எம்.ஐ.டி. 2022 இலும், டார்ட்மத், ஹார்வர்ட் முதலியன 2024 இலும் மீண்டும் பரீட்சை வேண்டும் என்று அறிவித்தன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகமோ அனுப்பினாலும் பார்ப்பதில்லை. மற்றும் பல கல்லூரிகளில் இன்றும் விருப்பமே.

டார்ட்மத் கல்லூரி மனம் மாறியதற்கான காரணம் நாம் கவனிக்க வேண்டியது. தங்களுக்கு வந்த விண்ணப்பங்களை ஆராய்ந்தபோது, வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் 1400 அளவிற் புள்ளி பெற்றும், அது போதாது என்று எண்ணி அனுப்பாமல் விட்டிருந்தது தெரிந்தது. அனுப்பியிருந்தால் அதே புள்ளி அவர்களுக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பைக் கூட்டியிருக்கும். ஏனெனில், பிள்ளை எந்தப் பாடசாலையில், எந்த நிலைமையிற் படித்து அப்புள்ளியை எடுத்தது என்றும் அங்கே பார்க்கிறார்கள்.

இதை ஏற்பது நம்மவருக்கு இலகுவல்ல. அதற்குக் காரணமும் உண்டு. இலங்கையில் 1971 இல் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974 இல் மாவட்டப் பங்கீடும் வந்தபோது, ஓரிரு புள்ளியால் வாழ்க்கையே திசைமாறியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அங்கே புள்ளி ஒன்றுதான் பேசியது. பிள்ளைக்காக வேறெதுவும் பேசவில்லை. அந்தக் காயத்தோடு வந்த நாம், குறைந்த புள்ளி என்றதும் எல்லாம் முடிந்தது என்று கலங்குகிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புள்ளியே நமக்கு அளவுகோலாகிவிடுகிறது.

இங்கே நிலைமை வேறு. ஜி.சி.எஸ்.ஈ. தரங்களை அந்தப் பாடசாலையின் பொதுநிலையோடு ஒப்பிட்டே ஒக்ஸ்போர்ட் பார்க்கிறது. வசிக்கும் இடம், பாடசாலை முதலியவற்றைக் கருதி, தரத்தைக் குறைத்து இடம் தரும் பல்கலைக்கழகங்களும் பல. நோய், வீட்டில் மரணம் போன்ற இடையூறுகளாற் படிப்புக் குழம்பியிருந்தால், அதை எழுதுவதற்கென்றே ஆசிரியரின் பரிந்துரையில் ஒரு பகுதி இருக்கிறது. ஆனால் வீட்டு விடயம் வெளியே போகக்கூடாது என்று ஆசிரியரிடம் வாய் திறவாதிருந்தால், அவர் எதை எழுதுவார்?

ஆகவே விருப்பமுள்ள இடத்திற் செய்யவேண்டியது இது. சேர்ந்த மாணவர்களில் நடுப்பாதிப் பேர் எந்த எல்லைக்குள் புள்ளி பெற்றார்கள் என்று பல கல்லூரிகள் வெளியிடுகின்றன. பிள்ளையின் புள்ளி அந்த எல்லைக்குள் இருந்தால் அனுப்புங்கள். சற்றுக் கீழே இருந்து, அவரது பாடசாலையிற் பலர் அதையும் எட்டாதவர்களாயின், அப்போதும் அனுப்புவதே நன்று. மிகக் கீழேயாயின் விட்டுவிடலாம். கேளாததைச் சொல்லாமல் விடுவது பொய்யாகாது. கேட்டதை மறைப்பதுதான் பொய்.

முடிவெடுக்கும்போது பிள்ளையையும் பக்கத்தில் இருத்திக் கேளுங்கள். பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தன் புள்ளியைப் பார்த்து வராத வெட்கம், தகப்பனாரின் முகத்தைப் பார்த்து வந்துவிடுகிறது. பெறுபேற்றை ஒளிக்கும் பழக்கம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.