ஒலி ஒன்றானால் உறவாகுமா?

மேடையிலே ஒருவர் முழங்கினார்: "தமிழிலே மா என்றால் குதிரை. சீனத்திலும் மா என்றால் குதிரை! உலக மொழிகள் அனைத்தும் தமிழ்த்தாய் ஈன்ற சேய்கள் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?" கையொலி எழுந்தது, கடலொலி தோற்றது. தட்டிய கைகளிலே என் கைகளும் இருந்தன. நாணத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

கூட்டம் கலைந்தது. என்னிடம் பயிலும் மாணவன் ஒருவன் அவரை அணுகினான். "ஐயா, மா என்றால் மாமரமும் ஆயிற்றே! சீனத்தில் அதற்கும் மாதானா?" என்று கேட்டான். "தமிழையே ஐயுறுகிறாயா? உனக்கு இனப்பற்று இல்லை!" என்று சீறினார் அவர். சிறுவன் தலைகுனிந்தான். கேள்வி கேட்டவன் குனிந்து நின்றான். கேளாமல் கைதட்டிய ஆசிரியனோ நிமிர்ந்து நின்றேன். பகுத்தறிவு பேசும் பாசறையிலே நடக்கத்தக்க காட்சியா இது, தோழர்களே?

அந்தச் சிறுவனுக்குரிய விடையை இங்கே தருகிறேன்.

மா என்பது ஓரெழுத்து ஒருமொழி. தமிழில் இத்தகைய சொற்கள் 42 என்று நன்னூல் கணக்கிடுகிறது. நம் மா ஒன்றே விலங்கைக் குறிக்கும், குதிரையைக் குறிக்கும், மாமரத்தை, அரைத்த மாவை, பெருமையை, நில அளவை, இருபதில் ஒரு பங்கைக் குறிக்கும். சீனத்திலோ குரலின் ஏற்ற இறக்கமே பொருளை மாற்றும். ஓங்கிய குரலில் மா தாய். ஏறும் குரலில் சணல். தாழ்ந்தெழும் குரலில் குதிரை. இறங்கும் குரலில் வசைபாடுதல்!

எல்லை கடந்து செல்வோம். குறிலாகவோ நெடிலாகவோ இதே ஒலி, அங்கேரியனுக்கு 'இன்று'. இத்தாலியனுக்கு 'ஆனால்'. எஸ்தோனியனுக்கு 'நான்'. பிரெஞ்சுக்காரன் பெண்பாற் பெயருக்கு முன்னே சொல்லும் 'என்'. அரபியனுக்கு 'என்ன?' வடமொழியாளனுக்கு 'வேண்டாம்'! குதிரையை மட்டும் பொறுக்கியெடுத்து உறவு கொண்டாடிய பேச்சாளர், இவற்றையெல்லாம் எந்தக் கிடங்கிலே பூட்டி வைத்தார்? ஒத்ததை எண்ணி, ஒவ்வாததை மறைப்பது சோதிடனின் தொழில். பலித்த ஒன்றைப் பறைசாற்றிப் பலிக்காத நூற்றைப் புதைப்பவன் அவன். அவனை எள்ளி நகையாடும் நாம் அவன் வழியிலே நடக்கலாமா?

மனிதவாய் எளிதில் எழுப்பும் சிற்றொலிகள் சிலவே. மொழிகளோ ஏறத்தாழ ஏழாயிரம். ஒவ்வொன்றிலும் பல்லாயிரம் சொற்கள். இடிபடாமல் இருக்குமா? இடிபடாவிட்டால் அன்றோ வியப்பு! தாய்ச்சொல்லில் மகரம் மிகுவதற்கும் காரணம் உண்டு: பால் பருகும் குழந்தையின் இதழ் எளிதிலே எழுப்பும் ஒலி அது என்று 1960-இல் வெளிவந்த கட்டுரையிலே ரோமன் யாக்கப்சன் விளக்கினார். ஆனால் ஜார்ஜியருக்கு 'மாமா' என்றால் தந்தை. தாய்க்கு அவர்கள் சொல் 'தெதா'!

இனி அந்தக் குதிரைக்கு வருவோம். சீனத்தின் பழமையை ஆய்ந்தவர்கள், குதிரைக்கான சொல்லில் பண்டு மகரத்தை அடுத்து ரகரமும் ஒலித்தது என்று கண்டனர். சீனத்தின் உறவுமொழியாகிய பர்மியத்திலே, எழுத்தில் அச்சொல் இன்றும் 'ம்ர' என்றே தொடங்குகிறது. பின்னோக்கிச் செல்லச் செல்ல, தமிழ் மாவும் சீன மாவும் விலகுகின்றன. இன்றைய ஒப்புமை நேற்றைய வேற்றுமை!

உண்மை உறவு எப்படி இருக்கும்? கன்னடத்தைக் காணுங்கள். நம் பால் அங்கே ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து, புலி ஹுலி. ஒரு சொல்லில் அன்று, வரிசை வரிசையாகப் பகரம் ஹகரமாகிறது. பழங்கன்னட நூல்களைப் புரட்டினால் அங்கேயும் பகரமே நிற்கிறது. பின்னோக்கிச் செல்லச் செல்ல நெருங்குவது உறவு, விலகுவது தற்செயல். இதுவே உரைகல்.

கடன்சொல்லுக்கும் தடம் உண்டு. ஆங்கிலேயனின் 'மேங்கோ' நம் மாங்காயோடு தொடர்புடையதே. மேலைக் கடற்கரையிலே போர்த்துகீசியர் கேட்டு, கப்பலேற்றிக் கொண்டுசென்ற சொல் அது. வழி தெரிகிறது, வணிகன் தெரிகிறான், கனியும் தெரிகிறது! சீனக் குதிரை வந்த வழி எது? காட்டுவார் இல்லை.

"இருந்தால் என்ன? தமிழைப் புகழத்தானே பொய் சொன்னார்?" என்பீர்களோ? கேளுங்கள். தமிழும் அதன் உடன்பிறந்த மொழிகளும் வடமொழியின் வயிற்றில் பிறந்தவையே என்று பலர் சாதித்த காலம் ஒன்று இருந்தது. அவர்கள் காட்டிய சான்றும் ஒலியொப்புமைதான்! 1816-இல் எல்லிஸ், வேர்ச்சொற்களை நிரல்பட வைத்து அந்தக் கோட்டையிலே விரிசல் கண்டார். 1856-இல் கால்டுவெல், இலக்கண அமைப்பையே அடுக்கிக் காட்டித் திராவிட மொழிக் குடும்பத்தை நிலைநாட்டினார். கைதட்டலால் வென்ற வழக்கன்று அது. முறையால் வென்ற வழக்கு. அந்த முறையை நாமே முறித்தெறிந்தால், நாளை எதிரி கேட்பான்: "உங்கள் சீனக் குதிரை பொய்யென்றால், உங்கள் திராவிடக் குடும்பம் மட்டும் மெய்யா?" பொய்ச்சான்று மெய்ச்சான்றையும் கூண்டில் ஏற்றிவிடும், தோழர்களே!

தமிழுக்குப் போலிப் பட்டயம் தேவையில்லை. ஈராயிரம் ஆண்டு இலக்கியம் உடையவளுக்கு இரவல் குதிரை எதற்கு?

மறுநாள் வகுப்பறையிலே அந்த மாணவனை எழுப்பினேன். எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்: "தம்பி, நேற்று நீ கேட்டது சரி. நான் கைதட்டியது தவறு." அவன் நிமிர்ந்தான். நானும் அன்றுதான் உண்மையிலே நிமிர்ந்தேன்.