ஏவுதற் கருத்தா எங்கே? கப்பல் நிறுவனங்களும் துப்பாக்கியும்

மூன்றாம் வேற்றுமையின் கருத்தாப் பொருளைத் தமிழ் இலக்கணம் இரண்டாகப் பகுக்கிறது. வினையைத் தானே செய்பவர் இயற்றுதற் கருத்தா. பிறரைக் கொண்டு செய்விப்பவர் ஏவுதற் கருத்தா. கல்லணை கரிகாலனால் கட்டப்பட்டது என்கிறோம். கல் சுமந்தவர் எவர் என்று கேட்பதில்லை. வெலிங்டன் தீவைப் பற்றிய பேச்சும் அவ்வாறே. மட்டாஞ்சேரிக் கால்வாய்க்கும் எறணாகுளம் கால்வாய்க்கும் இடையே, காயலின் அடியிலிருந்து தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பப்பட்ட இத்தீவை ராபர்ட் பிரிஸ்டோ உருவாக்கினார் என்றே நூல்கள் எழுதுகின்றன. புகழுக்குரிய வினையில் ஏவியவரின் பெயர் தவறாமல் நிற்கிறது. பழிக்குரிய வினையில் அப்பெயர் எங்கே போகிறது என்பதற்கும் இதே தீவு ஒரு சான்று தருகிறது.

2012 பிப்ரவரி 15 அன்று மாலை, கேரளக் கரையிலிருந்து ஏறத்தாழ 20 கடல் மைல் தொலைவில், 'செய்ன்ட் ஆன்டனி' என்ற மீன்பிடி விசைப்படகின்மீது 'என்ரிகா லெக்சி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலிலிருந்து தோட்டாக்கள் பாய்ந்தன. சுக்கானைப் பிடித்திருந்த, கொல்லத்தில் வாழ்ந்த ஜெலஸ்டினும், குமரி மாவட்டத்து இளைஞர் அஜீஷ் பிங்கும் இறந்தனர். நான்கு நாள்களுக்குப் பின் இத்தாலியக் கடற்படை வீரர் இருவர் கைது செய்யப்பட்டு, வெலிங்டன் தீவிலுள்ள மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை விருந்தினர் விடுதியில் காவலில் வைக்கப்பட்டனர். அதன் பின்னர் ஒன்பது ஆண்டுகள் நடந்த விவாதம் அனைத்தும் அவ்விருவரைப் பற்றியது: எந்த நாடு விசாரிக்கலாம், எந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம், அவர்களுக்கு விலக்குரிமை உண்டா இல்லையா. வணிகச் சரக்கு ஏற்றிய கப்பலுக்குள் போர்த் துப்பாக்கி எப்படி வந்தது, எவர் கேட்டு வந்தது என்ற வினா ஓரத்தில் ஒதுங்கிவிட்டது.

அதற்கு விடை மறைபொருள் அன்று. 2011இல் இத்தாலி இயற்றிய சட்டம், கப்பல் உரிமையாளர் கோரினால் கடற்படை வீரர்களை வணிகக் கப்பலில் காவலுக்கு அனுப்ப வழி செய்தது. செலவு உரிமையாளருடையது. அவ்வாண்டு அக்டோபரில் இத்தாலியப் பாதுகாப்பு அமைச்சகமும் அந்நாட்டுக் கப்பல் உரிமையாளர் கூட்டமைப்பும் இதற்கென ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. நான்கு மாதங்களில் இருவர் இறந்தனர்.

இந்நிலைப்பாடு இத்தாலிக்கு மட்டும் உரியதன்று. வணிகக் கப்பலில் துப்பாக்கி வேண்டாம் என்பதே நெடுங்காலமாகக் கப்பல் தொழிலின் பொதுக் கருத்து. 1990களில் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பும் அவ்வாறே அறிவுறுத்தியது. ஆயுதம் இருந்தால் மோதல் முற்றும், மாலுமிகளின் உயிருக்கு ஆபத்து கூடும், எண்ணெய்க் கப்பலில் ஒரு பொறியே போதும் என்பன அதன் காரணங்கள். சோமாலியக் கொள்ளை இதை மாற்றியது. 2011இல் மட்டும் சோமாலியக் கொள்ளையர் 237 தாக்குதல்களை நடத்தியதாகப் பன்னாட்டுக் கடல்சார் பணியகம் கணக்கிட்டது. அவ்வாண்டின் தொடக்கத்தில் பன்னாட்டுக் கப்பல் வணிக மன்றம், ஆயுதக் காவலும் உரிமையாளரின் தெரிவுகளுள் ஒன்றாகலாம் என்று நிலை மாறியது. இந்தியாவும் 2011 ஆகஸ்டில் தன் கொடியேந்திய கப்பல்களில் ஆயுதக் காவலரை அனுமதித்தது. இம்மாற்றத்தை முற்றிலும் பிழையென்று தள்ள இயலாது. பல மாதம் பிணையாகக் கிடந்த மாலுமிகளுள் இந்தியர் பலர். என்ரிகா லெக்சியின் மாலுமிகளிலும் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே.

சிக்கல், துப்பாக்கியை ஏற்றிய முடிவில் மட்டும் இல்லை; அம்முடிவை எழுதிய மொழியிலும் இருக்கிறது. கப்பல் தொழிலின் ஆவணங்களில் 'துப்பாக்கி' என்ற சொல் அரிதாகவே வருகிறது. 'பாதுகாப்புக் குழு', 'கூடுதல் தற்காப்பு ஏற்பாடு', 'அளவான பலப் பிரயோகம்' என்பனவே வழங்குகின்றன. எதிரில் வருவது 'ஐயத்துக்குரிய கலம்'. இத்தொடர்களில் சுடுபவர் இல்லை, சுடப்படுபவரும் இல்லை. இம்மொழிக்குத் துணையாக ஒரு வரைபடமும் இருந்தது. கப்பல் தொழில் அமைப்புகள் வெளியிட்ட கொள்ளைத் தடுப்புக் கையேடு, 'மிகு ஆபத்துப் பகுதி'யின் கிழக்கெல்லையைக் கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகையில் வரைந்தது. அக்கோடு கன்னியாகுமரிக்கும் கிழக்கே ஓடுகிறது. நீண்டகரையிலிருந்தும் குளச்சலிலிருந்தும் தலைமுறைகளாக மீன்பிடித்தவர்களின் கடல், அவர்களைக் கேளாமலேயே கொள்ளையர் கடலாகப் பெயர் பெற்றது. இந்தியாவின் மறுப்புக்குப் பின் 2015 டிசம்பர் 1 முதல் அவ்வெல்லை 65 பாகைக்குப் பின்வாங்கியது. அதற்குள் 'ஐயத்துக்குரிய கலம்' என்ற பெயரடை இருவர் உயிரை எடுத்திருந்தது.

2012 மார்ச் மாதம், கொச்சியில் இவ்வழக்கு சூடாக இருந்தபோதே, பிம்கோ எனும் கப்பல் தொழில் அமைப்பு தனியார் ஆயுதக் காவலருக்கான மாதிரி ஒப்பந்தமான 'கார்ட்கான்' என்பதை வெளியிட்டது. உரிமையாளரும் காவல் நிறுவனமும் தத்தம் ஆட்களுக்கும் பொருளுக்கும் நேரும் இழப்பைத் தத்தம் கணக்கில் ஏற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. இருவருக்குள் இது நேர்மையான பங்கீடே. ஆனால் தோட்டா பாயும் திசையில் இருக்கும் மூன்றாமவர், அதாவது வலை இழுத்துவிட்டுத் தளத்தில் உறங்கும் மனிதர், அந்தக் காகிதத்தில் கையெழுத்திடுபவர் அல்லர்.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். சுடுமாறு நிறுவனம் ஏவவில்லை. வீரர்கள் தம் அரசின் ஆணைக்கே கட்டுப்பட்டவர்கள். ஆகவே நிறுவனத்தை ஏவுதற் கருத்தா என்பது மிகை. சுட்ட வினைக்கு இது பொருந்தும். ஆனால் துப்பாக்கியை ஏற்றியது தனி வினை. அதைக் கோரியவரும் செலவை ஏற்றவரும் உரிமையாளர். சரக்கு பத்திரமாகச் சேர்வதன் பயனும் அவருக்கே. குற்றவியல் பொறுப்பு சுட்டவரைச் சேரட்டும். இழப்பீட்டுப் பொறுப்பு கருவியை ஏற்றியவரைச் சேர வேண்டும் என்பதே வாதம்.

இது சட்டத்துக்குப் புதிய கொள்கையும் அன்று. 1988ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனச் சட்டம், விபத்தில் இறந்தவரின் குடும்பம் தவறு எவருடையது என்று மெய்ப்பிக்காமலேயே வாகன உரிமையாளரிடம் குறித்த தொகையைப் பெற வழி வைத்தது. கடலிலும் அப்படி ஒன்று உண்டு. எண்ணெய் மாசுக்கான 1969, 1992 ஆண்டுகளின் பன்னாட்டு உடன்படிக்கைகள், எண்ணெய்க் கப்பலிலிருந்து எண்ணெய் கசிந்தால் தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உரிமையாளரே பொறுப்பு என்கின்றன. 2,000 டன்னுக்கு மேல் எண்ணெய் ஏற்றும் கப்பல் அதற்கான காப்பீட்டுச் சான்றிதழ் இல்லாமல் ஓட முடியாது. என்ரிகா லெக்சி ஓர் எண்ணெய்க் கப்பல். அதிலிருந்து எண்ணெய் வழிந்து கேரள மீனவரின் வலைகள் பாழாகியிருந்தால் எவர் தருவார் என்ற வினாவே எழுந்திராது. வழிந்தது தோட்டா என்பதால் ஒன்பது ஆண்டுகள் ஆயின.

நடந்தது இது. கப்பலை விடுவிக்க உச்ச நீதிமன்றம் 2012 மே 2 அன்று ஆணையிட்டது, கப்பல் சென்றது. 2020இல் பன்னாட்டு நடுவர் மன்றம், வீரர்கள் அரசு அலுவலர்கள் என்பதால் இந்திய நீதிமன்றங்களின் விசாரணைக்கு உட்படார் என்றும், படகின் கடற்பயண உரிமையை மீறியதற்காக இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. இத்தாலிய அரசு செலுத்திய 10 கோடி ரூபாயை ஏற்று, 2021 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது. இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி என்று பகிரப்பட்டது. அரசு தந்தது, அரசு பெற்றது, அரசு பகிர்ந்தது. உரிமையாளர் கோரியதால் கப்பலேறிய துப்பாக்கி, முடிவில் இரு நாடுகளின் கணக்கு வழக்காக மாறி நின்றது.

தூத்துக்குடியின் அனுபவமும் வேறன்று. 2013 அக்டோபரில் 'சீமேன் கார்ட் ஓஹையோ' என்ற தனியார் காவல் கப்பல் ஆயுதங்களோடு பிடிபட்டது. 2016இல் தூத்துக்குடி நீதிமன்றம் அதிலிருந்த 35 பேருக்கும் ஐந்தாண்டுச் சிறை விதித்தது; 2017 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனைவரையும் விடுவித்தது. இடைப்பட்ட காலத்தில் பாளையங்கோட்டையிலும் புழலிலும் இருந்தவர்கள் கூலிக்குக் காவல் நின்றவர்களும் மாலுமிகளுமே.

2023இன் தொடக்கத்தில் மிகு ஆபத்துப் பகுதி என்ற வகையையே தொழில் அமைப்புகள் நீக்கின. அவ்வாண்டின் இறுதியிலேயே செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கின. சோமாலியக் கொள்ளையரும் மீண்டும் தலைதூக்கினர். துப்பாக்கி மறுபடியும் கப்பலேறுகிறது. ஆகவே கேட்க வேண்டியவை மூன்று. ஒவ்வொரு கப்பல் நிறுவனமும் தன் கப்பல்களில் ஆயுதம் உண்டா, எவருடைய ஆணையில் அது இயங்கும் என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். கப்பலிலிருந்து பாயும் தோட்டாவால் மூன்றாமவருக்கு நேரும் இழப்புக்கு, சுட்டவர் படைவீரரா தனியார் காவலரா என்று பாராமல், உரிமையாளரே முதற் பொறுப்பேற்க வேண்டும். அப்பொறுப்புக்குக் கட்டாயக் காப்பீடு வேண்டும். வெலிங்டன் தீவுத் துறைமுகத்துக்கு வரும் எண்ணெய்க் கப்பலிடம் மாசுக் காப்பீட்டுச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. ஆயுதம் ஏற்றிய கப்பலிடம் இன்னொரு சான்றிதழையும் கேட்பதற்கு இந்திய அரசு ஒரு விதி இயற்றினால் போதும்.